உறுதியில் விடுபட்ட கிணற்றுப் பங்கு

என் அன்பான ஞானமணி ரீச்சருக்கு, உங்கள் முன்னால் வர முகமில்லாமல் இத்தனை வருஷம் ஒளித்துத் திரிந்த ராசன் எழுதிக்கொள்வது.

நீங்கள் இருந்திருந்தால் இதை வாசிக்க முதல் சிவப்புப் பேனையை எடுத்து எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருப்பீர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் உங்களிடம் ஆறு வருஷம் ஆங்கிலம் படித்தும் எனக்கு அது ஏறவில்லை. இப்போதும் வராது. ராசனுக்கு வராதது ஆங்கிலம் ஒன்றுதான் என்று கடைசிவரை நம்பினீர்கள். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் இங்கத்தைப் புதினம் சொல்கிறேன். தரகர் என்ற சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை, ரீச்சர். எல்லோரும் ‘காணி முகவர்’ ஆகிவிட்டார்கள். பெயர் அச்சடித்த காட், முகநூலில் கண்ணாடி போட்ட படம், பத்து வசனத்துக்கு ஒரு ஆங்கிலச் சொல். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது மனைவியின் தமையன், “மச்சான், சந்தியிலை வெத்திலை சப்பிக்கொண்டு நிக்கிற வேலைக்கோ போறாய்?” என்று கேட்டார். இன்று அவரின் மகனே முகவர்.

இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, தொழிலுக்குப் புதிதாக வந்த முப்பது பேருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபம் எடுத்து வகுப்பு வைத்தார்கள். அறிவுரை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். தலை நரைத்திருக்கிறது என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு என்ன? ஆனாலும் போனேன். இஸ்திரி போட்ட சேட்டோடு போய், மாலையும் வாங்கிக்கொண்டு, ஒரு மணித்தியாலம் கதைத்தேன்.

“மழை விட்ட மறுநாள் காணி பார்க்கப் போங்கோ. வெய்யிலுக்கை எல்லாக் காணியும் நல்ல காணிதான்” என்றேன். சிரித்தார்கள். “வெளிநாட்டிலை இருக்கிறவைக்கு வீடியோ எடுத்து அனுப்பேக்கை குப்பை கிடக்கிற மூலையையும் காட்டுங்கோ” என்றேன். கூட்டுச் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கு அறிவிக்காமல் வெளியாளுக்கு விற்க முடியாது, தேசவழமைச் சட்டம் தெரியாமல் இங்கே தரகு செய்ய வராதீர்கள் என்று கொஞ்சம் வெருட்டினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, “சொந்தக்காரரைப் பாக்க முதல் அயல்வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்கோ. சொந்தக்காரர் விலையைச் சொல்லுவார். அயலார்தான் வில்லங்கத்தைச் சொல்லுவினம்” என்றேன். எல்லோரும் அதைக் குறிப்பெடுத்தார்கள்.

முடிவில் இணுவிலைச் சேர்ந்த தர்சினி என்ற பிள்ளை எழும்பிக் கேட்டாள். “அங்கிள், நீங்கள் முதல் முதல் வித்துக் குடுத்த காணி எது? அது எப்பிடி நடந்தது?”

“தெல்லிப்பழைப் பக்கம். எனக்குப் படிப்பிச்ச ஒரு ரீச்சரின்ரை காணி” என்றேன். “வித்தவவுக்கும் சந்தோசம், வாங்கினவருக்கும் சந்தோசம். நேர்மையாய் நடந்தால் முதல் காணியே ராசியாய் அமையும், பிள்ளை.”

கைதட்டினார்கள், ரீச்சர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தக் கைதட்டலைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் மத்தியானச் சோறும் சாப்பிட்டேன்.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது. ஆகவே ஒன்றும் ஒளிக்காமல் முதலில் இருந்தே சொல்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னர், தனியாக இருக்க ஏலாமல், தேவாலயச் சபையார் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போக முடிவெடுத்தீர்கள். பிள்ளை குட்டி இல்லை. தகப்பன் வழி வந்த ஐந்து பரப்புக் காணி மட்டும். பெரிய பெரிய தரகர்கள் வந்து கேட்டும் கொடுக்காமல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். நான் தொழில் தொடங்கி எட்டு மாதம். ஒரு காணிகூட விற்கவில்லை. விறாந்தையில் என்னை இருத்தி, தேத்தண்ணி தந்து, ஒரே ஒரு நிபந்தனை சொன்னீர்கள்.

“ராசன், விலையை நீர் பார்த்துச் செய்யும். எனக்கு ஒண்டு மட்டும் வேணும். கிணத்திலை யோகத்துக்குப் பங்கு எண்டு காணி உறுதியிலை எழுதச் சொல்லும். நான் வாயாலை குடுத்தது. நான் போனாப் பிறகு வாய்ச்சொல் நிக்காது.”

“ஓம் ரீச்சர்” என்றேன்.

யோகம் அக்காவின் காணி உங்கள் காணிக்குக் கிழக்கே, இரண்டு பரப்பு, கிணறு இல்லாத காணி. போரால் இடம்பெயர்ந்துபோய் இருபது வருஷத்துக்கு மேல் கழித்து நீங்கள் எல்லோரும் ஊர் திரும்பியபோது வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, பற்றை மட்டும்தான் இருந்தது. உங்கள் கிணறு இடிந்த கல்லும் மண்ணுமாய்த் தூர்ந்து கிடந்தது. யோகம் அக்காவின் கணவர்தான் கயிறு கட்டி இறங்கி, நாள்கணக்காக அள்ளி, ஊற்றைத் திறந்தார். கூலி வாங்க மாட்டேன் என்றாராம். “அப்ப கிணறு ரெண்டு வீட்டுக்கும் பொது” என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த வருஷமே அவர் மாரடைப்பில் போய்விட்டார். அந்தத் தண்ணீரில்தான் யோகம் அக்கா கத்தரியும் மிளகாயும் வைத்து மகளை வளர்த்தார்.

வாங்க வந்தவர் கனடாவில் இருக்கிறவர். நேசன் என்று பெயர். காணி அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. தொலைபேசியில் கடைசியாகக் கேட்டார்: “அண்ணை, பொதுக்கிணறு இல்லைத்தானே? கிணத்துப் பங்கு கிங்கு எண்டால் எனக்கு வேண்டாம். என்ரை அப்பாவும் பெரியப்பாவும் ஒரு கிணத்துக்காக இருவது வருசம் வழக்குப் பேசிக் கோடேறினவை.”

அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று எந்தப் புதியவனுக்கும் என்னால் சொல்ல முடியும். விற்பவர் ஒரு நிபந்தனை வைத்தால் அதை வாங்குபவருக்கு முதல் நாளே சொல்லிவிடு. முறிகிற வியாபாரம் முறியட்டும். அன்று நான் சொன்னது வேறு.

“சீச்சீ, தனிக்கிணறு தம்பி.”

பயம்தான், ரீச்சர். இந்தக் காணியும் போனால் மச்சான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும் என்ற பயம். யோகம் அக்காவுக்கு ஏதாவது திட்டத்தில் குழாய்க்கிணறு கிடைக்கும், நேசன் வந்து பழகினால் தண்ணீர் அள்ள விடுவார், எல்லாம் தன்பாட்டில் சரிவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காணி உறுதி எழுதிக் கையெழுத்து வைக்கும் நாளில் நொத்தாரிசு ஐயா கேட்க வேண்டியதைச் சரியாகவே என்னிடம் கேட்டார். “வழி, வாய்க்கால், கிணத்துப் பங்கு எண்டு ஆருக்கும் ஏதும் விட இருக்கோ?” நீங்கள் அப்போது வெளியே மர வாங்கில் இருந்தீர்கள். “ஒண்டும் இல்லை ஐயா” என்றேன். பிறகு உங்களை உள்ளே கூட்டிவந்தேன். அவர் முழுவதையும் வாசித்தார். உறுதித் தமிழ் உங்களுக்குத் தெரியுமே, ஒரே மூச்சில் ஒரு பக்கம். உங்களுக்கு இடது காது கேட்காது. நான் வலது பக்கத்தில் இருந்தேன்.

“எனக்கு வடிவாய்க் கேக்கேல்லை, ராசன். யோகத்தின்ரை பங்கு வந்ததோ?” என்று என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டீர்கள்.

“வந்தது, ரீச்சர்.”

அது மட்டும் உங்களுக்கு நன்றாகக் கேட்டது. கண்ணாடியை மூக்கில் சரிசெய்து, பள்ளிக்கூட வரவு இடாப்பில் வைக்கிற அதே வடிவான கையெழுத்தை வைத்தீர்கள். எங்கள் கொப்பியில் ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் விடாத நீங்கள், நான் சொன்னேன் என்பதற்காக ஒரு வரியும் திருப்பி வாசிக்கவில்லை. அந்த அறையில் பொய்யன் நான் ஒருவன்தான்.

நாலு மாதத்தில் நேசன் கிழக்கு எல்லையில் மதில் கட்டுவித்தார். ஆளுயரத்துக்கும் மேலே, சீமெந்துக் கல் மதில். யோகம் அக்கா இல்லத்துக்கு வந்து உங்களிடம் அழுதது எனக்குத் தெரியும், ஏனென்றால் அன்று பின்னேரம் நீங்கள் எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். “ராசன், நீர் ஒருக்கா வந்திட்டுப் போம். உறுதிக் கொப்பியையும் கொண்டு வாரும்.”

“கொழும்பிலை நிக்கிறன், ரீச்சர். வந்தோடனை வாறன்” என்றேன். நான் நின்றது சுன்னாகம் சந்தையில். எனக்குப் பக்கத்தில் ஒருவன் முருங்கைக்காய் விலை கூவிக்கொண்டிருந்தான். உங்களுக்குக் கேட்டிருக்கும். இன்னும் இரண்டு தரம் எடுத்தீர்கள், இரண்டு தரமும் ஒரு சாட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கவில்லை. சில மாதத்தில் செய்தி வந்தது. உங்கள் அடக்கத்துக்கு வந்தேன். தேவாலயத்தை ஒட்டிய சேமக்காலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். வகுப்பு முடிந்து நாலாம் நாள் தர்சினி தொலைபேசி எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அங்கிள், எனக்கு முதல் காணி கிடைச்சிட்டுது! தெல்லிப்பழையிலை. கனடாக்காரர் ஒராள் விக்கிறார். நீங்கள் சொன்ன மாதிரியே முதல் போய் அயல்வீட்டு அம்மாவைக் கண்டனான்.”

அது எந்தக் காணி என்று எனக்கு விளங்கிவிட்டது.

“அங்கிள், பாவம் அந்த அம்மா. அதிலை முந்தி ஒரு ரீச்சர் இருந்தவவாம். கிணத்திலை பங்கு தாறன் எண்டு சொல்லிச் சொல்லி, கடைசியிலை எழுதாமல் ஏமாத்திப்போட்டு வித்திட்டுப் போட்டாவாம். படிச்ச சனம் இப்பிடியும் செய்யுமோ?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா, ரீச்சர்? “அப்பிடியோ” என்றேன். “பிறகு கதைக்கிறன் பிள்ளை” என்று வைத்துவிட்டேன். ஒரு கிழமைக்குள் உங்களை இரண்டாம் தரம் விற்றேன்.

ஊர் உங்களைக் கள்ளி என்று சொல்கிறது என்பது எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தானே அந்த ஒழுங்கைப் பக்கமே போகாமல் இருந்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. “அந்த மனுசி தண்ணி எங்கை அள்ளுது?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியோடு புறப்பட்டுப் போனேன்.

போய்ப் பார்த்தேன். யோகம் அக்கா கோயில் கிணற்றில் இருந்து வந்துகொண்டிருந்தார். பழைய சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிரம்பிய மஞ்சள் கான் கட்டி, ஏறி ஓட ஏலாமல் உருட்டிக்கொண்டு வந்தார். கத்தரித் தோட்டம் இருந்த இடத்தில் புல்லும் இரண்டு ஆடும். மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் கிணறு. யாரும் குடியில்லாத வீட்டில் தண்ணீர் சும்மா நிற்கிறது.

“அக்கா, நான் ராசன். ரீச்சரின்ரை காணியை வித்துக் குடுத்தவன்.”

“தெரியும். இப்ப திருப்பியும் விக்கினமாம். அதுக்கு நான் என்ன செய்ய?”

முற்றத்தில் நின்றபடி சொன்னேன். நீங்கள் வைத்த நிபந்தனை, நான் நேசனுக்குச் சொன்ன பொய், நொத்தாரிசுக்குச் சொன்ன பொய், உங்கள் வலது காதில் சொன்ன பொய். யோகம் அக்கா கானை இறக்கி வைத்துவிட்டு, வாசல்படியில் இருந்துகொண்டு சொன்னார்.

“நான் போய்க் கேட்டனான். ‘என்ரை பிழை, யோகம். நான்தான் கவனிக்காமல் கையெழுத்து வைச்சிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்’ எண்டு அழுதா. உன்ரை பேரை அவ எடுக்கேல்லை. நான் நினைச்சன், தெரிஞ்சு செய்துபோட்டுத்தான் மன்னிப்புக் கேக்கிறா எண்டு. வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிப்போட்டு வந்தனான்.”

ஏன் என் பெயரைச் சொல்லவில்லை, ரீச்சர்? உறுதிக் கொப்பியை வேறு யாரையும் கொண்டு எடுப்பித்து வாசித்தீர்களா? நான் பொய் சொன்னது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தும், எட்டு மாதம் வியாபாரம் இல்லாமல் இருந்தவனின் தொழில் கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தீர்களா? அல்லது கடைசிவரை உங்கள் காதில்தான் பிழை என்று நம்பினீர்களா? எது உண்மையாக இருந்தாலும் எனக்குத் தாங்க ஏலாது.

“அக்கா, தண்ணிக்கு நான் என்ன செய்ய ஏலுமோ...” என்று தொடங்கினேன்.

“தண்ணியை விடு” என்றார். “ஒம்பது வருசம் காவிச் சுமந்தது கால் நோவோடை போச்சுது. நான் அந்த மனுசியின்ரை செத்தவீட்டுக்குப் போகேல்லை. அது தெரியுமோ உனக்கு?”

எனக்குத் தெரியாது.

“என்ரை மனுசன் செத்த நேரம் எட்டுச் செலவு முடியுமட்டும், எட்டு நாளும் எங்களுக்குச் சோறு சமைச்சுத் தந்த மனுசி. அவவின்ரை பெட்டி உந்த ஒழுங்கையாலைதான் போனது. நான் படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை இருந்தன். மகள் ‘வாங்கோம்மா, ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வருவம்’ எண்டு கெஞ்சினவள். அவளுக்கும் அடிச்சன். இதை எந்த உறுதியிலை எழுதித் திருத்துவாய்?”

இங்கே கதை பேச்சு இல்லாத பகையாளிகூடக் கெட்டதுக்கு வந்து வாசலில் நிற்பான். கலியாணத்துக்குப் போகாவிட்டால் சாட்டுச் சொல்லலாம். செத்தவீட்டுக்குப் போகாததற்கு ஈடு கிடையாது. இது நான் கேட்டு வளர்ந்த வழக்கம். யோகம் அக்காவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கிருந்தே நேசனுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்ணை, எனக்கு அப்பவே சொல்லியிருக்கலாம்தானே.”

“சொல்லியிருந்தால் வாங்கியிருப்பியளோ?”

“வாங்கியிருக்க மாட்டன். ஆனால் அது என்ரை முடிவு. நீங்கள் ஆர் அதை எடுக்க?” என்றார். “நான் மதில் கட்டி ஒரு மனுசியின்ரை தண்ணியை மறிச்சிருக்கிறன். என்னைக் கொண்டு செய்விச்சிருக்கிறியள்.” மனைவியோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

தர்சினியை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். “அப்ப சனிக்கிழமை நீங்கள் சொன்னது?” என்று கேட்டாள். பொய் என்றேன். அவள் தன் கொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். “அந்த அம்மாவின்ரை பங்கை எழுத அவர் ஓம் எண்டால்தான் நான் விப்பன், அங்கிள். இல்லாட்டில் எனக்கு இந்தக் காணி வேண்டாம்” என்றாள். அவளுக்கும் அது முதல் காணிதான், ரீச்சர். என்னால் ஏலாதது அவளுக்கு எவ்வளவு சுகமாக வந்தது! அவள் போகும்போது வழக்கம்போல் ‘போட்டு வாறன்’ என்று சொல்லவில்லை.

நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். நேசன் எந்த முடிவு எடுத்தாலும், நீங்கள் வைத்த நிபந்தனையையும் நான் அதை மறைத்ததையும் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசியாக எழுதி யோகம் அக்காவின் கையில் கொடுப்பேன். வழக்குக்குப் போனால் அவரின் பக்கத்தில் நின்று சாட்சி சொல்வேன். அடுத்த மாதம் இன்னொரு வகுப்பு இருக்கிறது. அறிவுரை சொல்ல அல்ல, என் முதல் காணியின் கதையைச் சொல்லப் போகிறேன். கையெழுத்து வைக்கிறவருக்குக் காது கேட்காது என்றால் ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் கடைசியில் சொல்வேன். பிறகு என்னைக் கூப்பிடுவார்களோ தெரியாது.

நேற்று யோகம் அக்காவே தொலைபேசி எடுத்தார். “ஞாயிற்றுக்கிழமை என்னை ரீச்சரிட்டைக் கூட்டிக்கொண்டு போ” என்றார். “அவவுக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியாது. நீ முதல் சொல்லு. நான் பிறகு சொல்லுறன்.”

ஆராதனை முடிந்து, சனம் கலைந்த பிறகு போவோம் என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன். யோகம் அக்காவோடு உங்கள் கல்லறைக்கு வருகிறேன், ரீச்சர். ஆராதனை முடிந்து சபையார் எல்லோரும் தேவாலய முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே வருகிறேன். உங்களுக்குக் கேட்க அல்ல, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. முன்னர் தந்த ‘ஓம்’ மாதிரி இல்லை.

படிப்பித்த எல்லோரையும் ‘என்ரை பிள்ளையள்’ என்பீர்களே,
அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என்று எழுத இன்னும் விடுவீர்களென்றால்,
உங்கள் பிள்ளை,
ராசன்